ஆள் தெரியாத கடை

வெளியில் சாப்பிடப் போவோமா என்று மனைவி கேட்டால் எனக்குப் பயம் தொடங்கிவிடும். எங்கே போவது என்பதில் நாங்கள் இருவரும் இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து ஒத்துப்போனதில்லை. அவளுக்கு எங்கள் ஊர்த் தமிழ் ஆட்களின் கடை வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் ஆவி பறக்கும் கறிகளைப் பார்த்து, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று கேட்டு வாங்கி, உறைப்புக் காணாது என்று கடைக்காரரோடு சண்டை பிடித்தால்தான் அவளுக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

எனக்குக் கொம்பனிக் கடை போதும். ஒரே பெயர்ப் பலகையோடு பெருந்தெருக்களின் ஓரமெல்லாம் கிளை போட்டிருக்கும் கடைகளை நான் அப்படித்தான் சொல்வேன். எந்தக் கிளைக்குப் போனாலும் அதே இருக்கை, அதே வெளிச்சம், அதே படம் போட்ட மெனு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். அங்கே படத்தில் விரலை வைத்தால் வேலை முடிந்தது. சாப்பாடு நன்றாக இருக்குமா என்று கேட்காதீர்கள். போன முறை இருந்த மாதிரியே இருக்கும். என்னைப் போன்றவனுக்கு அது பெரிய நிம்மதி.

எங்கள் ஆட்களின் கடையில் வரிசையில் நிற்கும்போதே தொடங்கிவிடும். "தம்பி ஊரில எவடம்?" "வேலை இப்பவும் பிறம்ரனிலதானோ?" "மகள் படிச்சு முடிச்சிட்டாவோ, கலியாணம் ஏதும் பார்க்கிறியளோ?" கேட்பவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை என்று தெரியும். ஆனாலும் ஒவ்வொரு கேள்விக்கும் நான் சொன்ன பதிலை வீட்டுக்கு வந்து திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருப்பேன். பிறம்ரன் வெயர்ஹவுஸில் என்னை வேலையிலிருந்து நிற்பாட்டிய குளிர்காலம் முழுக்க ஒரு ரோல்ஸ் வாங்கக்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

"உங்களுக்குக் கொத்துரொட்டியில பயமில்லை. கொத்துரொட்டி வாங்க நிக்கிற சனத்திலதான் பயம்" என்பாள் மனைவி. அவள் சொல்வது சரிதான். சரி என்பதற்காகப் பயம் போய்விடுமா?

இந்த முறை பனி உருகத் தொடங்கியபோது அப்பா காலமானார். கொள்ளி வைத்தது நான். தலையை மழித்து மீசையையும் எடுத்துவிட்டதில், கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒரு நோயாளி மாதிரி இருந்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. மீன், இறைச்சி, முட்டை எதுவும் வாசற்படி தாண்டக் கூடாது. அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. எண்ணெய் தீர்ந்து நூர்ந்துவிடுமோ என்று ஒரு பயம், மரவீடு பற்றிக்கொள்ளுமோ என்று இன்னொரு பயம். பின்னேரங்களில் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். அவர்களுக்குத் தேநீர் ஊற்றி, அப்பாவுக்கு என்ன நடந்தது என்ற அதே கதையைச் சொல்லிச் சொல்லி என் குரலே அடைத்துப்போயிற்று.

அம்மாதான் சாப்பிடவில்லை. சொந்தக்காரர்கள் அலுமினியத் தட்டங்களில் கொண்டுவந்து குவித்த சோறும் பருப்பும் கத்தரிக்காயும் பிரிட்ஜை நிறைத்துக் கிடந்தன. இரண்டு வாய் எடுப்பார், காணும் என்று தட்டைத் தள்ளிவிடுவார். அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. ஒரு நாள் காலையில் குளியலறை நிலத்தில் வியர்த்துப்போய், கைநடுக்கத்தோடு இருந்தவரை நானும் மனைவியும் தூக்கி நிமிர்த்தி, தோடம்பழச் சாறு பருக்கி எடுத்தோம். குடும்ப வைத்தியரைத் தொலைபேசியில் பிடித்தேன். எது இறங்குமோ அதைக் கொடுங்கள், வெறும் வயிற்றில் குளிசை போட விடாதீர்கள், இன்னொரு முறை இப்படி விழுந்தால் ஆஸ்பத்திரிதான் என்றார். நான் தொலைபேசியை வைத்தபின்னும் அந்தக் கடைசிச் சொல் காதுக்குள் நின்றது. ஒரே மாதத்தில் இரண்டு பேரா என்று நினைத்துவிட்டேன். நினைத்ததற்காகவும் பயந்தேன்.

"என்னம்மா இறங்கும்? சொல்லுங்கோ, வாங்கித் தாறன்" என்றேன்.

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மீன் எண்டால் ரெண்டு வாய் இறங்கும் போல கிடக்கு."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் விளக்கைப் பார்த்தேன். வீட்டில் சமைக்க முடியாது. வாங்கிக்கொண்டு வரவும் முடியாது. பின்னேரம் வருகிற ஆட்களுக்கு மணம் தெரிந்துவிடும். எங்காவது கூட்டிக்கொண்டுபோய்த்தான் சாப்பிட வைக்கவேண்டும். எங்கே? ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட, வெக்ஸ்போர்ட் பக்கத்தில், எங்கள் ஆட்களின் கடைகள் எத்தனையோ. எல்லாவற்றிலும் செத்த வீட்டுக்கு வந்த முகம் ஒன்றாவது நிற்கும். கொள்ளி வைத்தவன் தாயைக் கூட்டிக்கொண்டுவந்து மீன் தின்னக் கொடுக்கிறான் என்ற செய்தி நாங்கள் கைகழுவ முன்னரே லண்டனுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அப்பாவின் தம்பி அங்கேதான் இருக்கிறார்.

"அஜக்ஸுக்குப் போவம். அங்க ஒரு கொம்பனிக் கடை கிடக்கு. மீன் இருக்கு" என்றேன்.

"அஜக்ஸில எங்கட சனம் இல்லையோ? பாதி ஸ்காபரோ அங்கதான் வீடு வாங்கிக்கொண்டு போயிருக்கு."

"வேலை நாள் மத்தியானம். எல்லாரும் வேலையில நிப்பினம்."

"அப்ப நீங்கள் துப்பறியிற வேலைக்குத்தான் போயிருக்கவேணும்" என்று சொல்லிவிட்டு, மாமியாருக்குச் சப்பாத்துப் போட்டுவிடக் குனிந்தாள்.

நான் கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்து விட்டுக்கொண்டேன். நாலு நூற்றொன்று பெருந்தெருவில் வழிநெடுக லொறிகள் உப்புச் சேற்றைக் கண்ணாடியில் அடித்தபடி போயின. பின் இருக்கையில் அம்மா சாய்ந்திருந்தார். நான் கணக்குப் போட்டுக்கொண்டு ஓட்டினேன். நான் சாப்பிடப் போவதில்லை, அதனால் பாவம் அரைவாசி. வைத்தியர் சொன்னது, அதனால் இன்னும் கொஞ்சம் குறையும்.

கடையில் மூலை இருக்கையாகக் கேட்டு வாங்கினேன். உள்ளே இரண்டு கிழவர்களைத் தவிர ஒருவரும் இல்லை. பரிமாற வந்த பெண் பிள்ளை நல்ல சிரிப்போடு எங்களைச் சுகம் விசாரித்தது. நல்லாய் இருக்கிறோம் என்று என் வாய் தானாகச் சொன்னது. இன்றைக்கு ஏதும் விசேஷமா, கொண்டாட வந்தீர்களா என்று அடுத்த கேள்வி. அங்கே வேலை செய்பவர்கள் எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான் அது.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"ஏதும் விசேஷமோ எண்டு கேட்கிறா."

"ஓம், அப்பா செத்துப்போனார் எண்டு சொல்லு. கேக் தருவினமாக்கும்."

மனைவி சிரித்துவிட்டாள். அந்த நாட்களில் எங்கள் வீட்டு ஆள் ஒருவர் சிரித்தது அப்போதுதான். நான் அந்தப் பிள்ளையிடம் ஒன்றும் இல்லை என்றேன். பிறகு படத்தில் விரலை வைத்தேன்.

மீன் வந்தது. தடித்த மாவுக்குள் பொன்னிறமாக இரண்டு நீளத் துண்டுகள், பக்கத்தில் உருளைக்கிழங்குப் பொரியல், ஒரு சின்னக் கிண்ணத்தில் வெள்ளையாய் ஏதோ புளிப்புக் களி. அம்மா முள்கரண்டியைத் தொடவில்லை. விரலால் மாவை உடைத்துத் திறந்து, உள்ளே இருந்த வெள்ளைச் சதையைப் பார்த்தார்.

"முள்ளு எங்க?"

"எடுத்துப்போட்டுத்தான் பொரிக்கிறவை."

"தோல்?"

"அதையும்தான்."

"முள்ளுமில்லை, தோலுமில்லை. இது மீன் எண்டு இவைக்கு ஆர் சொன்னது?"

"சாப்பிட்டுப் பாருங்கோ மாமி, தேசிக்காய் விட்டுத் தாறன்" என்று மனைவி பிழிந்து விட்டாள். அம்மா ஒரு வாய் வைத்தார். நான் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மென்றார், நிற்பாட்டினார், திரும்பவும் மென்றார். மருந்து விழுங்குவதுபோல் விழுங்கிவிட்டு, கையைக் கடதாசியில் துடைத்தார்.

"காணும் தம்பி."

"இன்னுமொரு வாய் அம்மா. குளிசை போட்டுட்டியள்."

"நான் என்ன செய்ய? போகுதில்லை."

அந்தப் பிள்ளை திரும்பவும் வந்து எல்லாம் ருசியாக இருக்கிறதா என்று கேட்டது. ருசியாக இருக்கிறது என்றேன். இத்தனை வருடமும் என்னை ஒன்றும் கேட்காத இடம் என்று நான் நம்பியிருந்த கடை அன்றைக்குக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டது. உண்மையான பதில் மட்டும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அம்மா தோடம்பழச் சாறு மட்டும் குடித்தார். அது எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்று யோசித்தபடி காரை எடுத்தேன். எனக்கு அலுத்துப்போயிருந்தது. அம்மாவில் இல்லை, அந்தக் கடையில்கூட இல்லை. எதைச் செய்தாலும் அதற்கு முன்னும் பின்னும் பயப்பட வேண்டியிருந்ததில் அலுப்பு.

ஸ்காபரோவுக்குள் வந்து லோரன்ஸ் வீதியில் திரும்பியதும் அம்மா வாய் திறந்தார்.

"எங்கட கடை ஒண்டில நிப்பாட்டு."

நான் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். "வீட்டுக்கு மீன் கொண்டு போகேலாதே அம்மா."

"நான் இறங்கிப்போய்ப் பார்சல் எடுக்கிறன்" என்றாள் மனைவி. "பூங்காப் பக்கமாய்க் காரை விட்டிட்டு, மாமி காருக்குள்ளயே இருந்து சாப்பிடட்டும்."

எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. எந்தப் பூங்கா, எந்த மூலை, கண்ணாடியில் எதைக் கொண்டு மறைப்பது என்றுகூட மனதில் ஓடத் தொடங்கிவிட்டது.

"காருக்குள்ள ஒளிச்சிருந்து தின்ன நான் ஆரிட்டக் களவெடுத்தனான்?" என்றார் அம்மா. "நாற்பத்தெட்டு வருசம் அந்த மனுசனுக்கு மீன் காய்ச்சிக் குடுத்தனான். ஒரு துண்டு நான் தின்னுறதுக்கு அவர் கோவிக்கப்போறாரே? நிப்பாட்டு."

நிற்பாட்டினேன். கதவைத் திறக்க நான் சுற்றிப் போகமுன்னரே அவர் ஒரு காலைச் சேற்றுப் பனியில் வைத்துவிட்டார்.

சின்னக் கடை. பார்சல் எடுப்பவர்களுக்கான இடம்தான், சுவரோரம் மூன்று மேசைகள் போட்டிருந்தார்கள். செத்த வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பியதும் இதே கடைதான். வேறு கடைக்கு ஓட்டியிருக்கலாமே என்ற எண்ணம் உள்ளே போனபிறகுதான் எனக்கு வந்தது. கடைக்காரர் அம்மாவைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"வாங்கோ அம்மா. இருங்கோ, இருங்கோ. கத்தரிக்காய் இப்பதான் இறக்கினது. பருப்பு இருக்கு, கீரை இருக்கு."

அம்மா கண்ணாடிக்குக் கிட்டப் போய் நின்றார். "அதென்ன மீன் தம்பி?"

"அறக்குளா." சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். நான் தொப்பியைச் சரிசெய்தேன்.

"தலை கிடக்கோ?"

"தலை விடியவே முடிஞ்சுது அம்மா. ஆக்கள் சொல்லிவைச்சு எடுத்துப்போடுவினம்."

"அப்ப நடுத்துண்டு போடு. குழம்பு கனக்க விடு."

கடைக்காரர் கரண்டியைக் கையில் எடுத்தார். "கட்டித் தரட்டோ அம்மா?"

"இல்லை. இஞ்ச இருந்து சாப்பிடப்போறன்."

கடைக்காரர் தட்டை எடுத்தார். சோறு போட்டு, மீன் துண்டு வைத்து, குழம்பை விட்டார். மனைவி தட்டை வாங்கிவந்து அம்மாவுக்கு முன்னால் வைத்தாள். நான் கதவைப் பார்த்தபடி இருக்கும் கதிரையில் ஒரு பிளேன்ரீயோடு உட்கார்ந்தேன்.

அம்மா சோற்றைப் பிசைந்தார். துண்டைப் பிய்த்து, முள்ளை விரலால் உணர்ந்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். முதல் வாய் போனது. அடுத்ததும் போனது. நான் தேநீரை மறந்துவிட்டேன்.

அப்போது கதவு திறந்து, எங்கள் கோயிலுக்கு வருகிற அன்ரி ஒருவர் உள்ளே வந்தார். அப்பாவின் கிரியைக்கும் வந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தவர். இடியப்பம் சொல்லிவிட்டுத் திரும்பியவர் எங்களைக் கண்டுவிட்டார். சிரித்துக்கொண்டு கிட்ட வந்தவரின் கண் தட்டில் போய் நின்றது.

"அக்கா, அந்தியேட்டி முடிஞ்சுதோ? எனக்குச் சொல்லவேயில்லை."

"இல்லை அன்ரி, அது டொக்டர் சொன்னவர், அம்மாவுக்குச் சீனி..." என்று நான் தொடங்கினேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இன்னும் முடியேல்லைப் பிள்ளை" என்றார் அம்மா, வாயில் சோற்றோடு. "பசிச்சுது."

அன்ரி என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். கடைக்காரர் இடியப்பத்தைச் சுற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

"சரி அக்கா, சாப்பிடுங்கோ" என்றார் அன்ரி கடைசியில். பார்சலை வாங்கிக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக்கு அப்பால், காருக்குப் பக்கத்தில் நின்று தொலைபேசியைக் காதில் வைத்தது தெரிந்தது. வீட்டுக்கு எடுத்திருக்கலாம். வேறு யாருக்கும் எடுத்திருக்கலாம். இரவு லண்டனிலிருந்து அழைப்பு வந்தால் என்ன சொல்வதென்று நான் வசனங்களை அடுக்கத் தொடங்கினேன்.

"தம்பி" என்றார் அம்மா. தட்டில் குழம்பும் கொஞ்ச முள்ளும்தான் மிச்சம். "இன்னும் கொஞ்சம் சோறு கேள்."

நான் எழும்பிப் போய்க் கேட்டேன்.