பாட்டில் சூடு ஆறக் கூடாது

பொய்யைக் கையால் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கிற தொழில் எங்களுடையது. தொண்ணூறுகளில் அடையாறில், போதையை விட வைக்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வார்டு ஆளாக இருந்தேன். பழைய பங்களா. மாடியில் பன்னிரண்டு கட்டில், கீழே டாக்டரம்மா ரூம், வாசலில் இரும்பு கேட்டு. கேட்டுக்கு உள்பக்கம் நான். படிப்பு நாலாவது வரைக்கும்தான். ஆனால் வருகிறவன் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்கிற தினுசிலேயே அவன் இடுப்பில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

புருஷன் குளிக்கப் போன நேரத்தில் அவன் சட்டைப் பையைத் துழாவினவர்கள், பிள்ளை தூங்கின பிறகு குனிந்து வாயை மோந்து பார்த்தவர்கள், நீங்களெல்லாம் என் சாதி. நீங்கள் சம்பளம் இல்லாமல் செய்ததை நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

தயிர்சாதமும் தனி ஸ்பூனும்

வெளியிலிருந்து எது வந்தாலும் பிரித்துப் பார்க்க வேண்டும். முறுக்கை ஒடிப்பேன், சோப்பை இரண்டாக நறுக்குவேன், இட்லியைக் கிள்ளுவேன். பற்பசையைக் கூடப் பிதுக்கிப் பார்ப்பேன். மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி தினமும் பத்து மணிக்குப் பிள்ளைக்குத் தயிர்சாதம் கொண்டு வருவார். பிள்ளை காலேஜ் முடித்தவன், தூக்க மாத்திரை வேண்டும் என்று பழகிப் போனவன். முதல் நாள் நான் டப்பாவைத் திறந்து எங்கள் ஸ்பூனை உள்ளே விட்டபோது மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் வீட்டிலிருந்தே ஒரு ஸ்பூன் கொண்டு வந்தார். தோண்டிப் பார்க்கிறதற்கென்று தனியாக வைத்திருப்பதாகவும், தோண்டிய பிறகு அதை டப்பாவோடு சேர்த்து வைக்க வேண்டாம் என்றும் மரியாதையாகவே சொன்னார். ஒரு வாரம் எங்கள் நட்பு அந்த ஸ்பூன் வழியாகவே நடந்தது.

ஒன்பதாம் நாள் அதே ஸ்பூனில், நார்த்தங்காய்த் துண்டுக்கு அடியில், இரண்டு மாத்திரை வந்தது. யாரோ கொடுத்துவிட்டிருப்பார்கள், மாமிக்குத் தெரிந்திருக்காது என்றுதான் நினைத்தேன். இதை யார் வைத்தது என்று மெதுவாகத்தான் கேட்டேன். மாமி ஒளிக்கவில்லை. முந்தானையால் டப்பாவின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நான்தான் வச்சேன். அவன் கண் அசந்து தூங்கி ஒம்போது நாளாறது. ஒரு அம்மாவுக்கு வேற என்ன பண்ணத் தெரியும், நீங்களே சொல்லுங்கோ."

மாமனார் கொடுத்த சீர்

அடுத்த வேலை மூத்திரப் பாட்டில். வீட்டுக்குப் போன பிறகும் நோயாளிகள் வாரம் ஒரு தடவை வந்து கொடுத்துவிட்டுப் போக வேண்டும். லாப்புக்கு அனுப்புவோம், போதை தொட்டிருந்தால் காட்டிக் கொடுத்துவிடும். கக்கூஸ் கதவைச் சாத்தக் கூடாது. நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கொடுத்ததும் பாட்டிலைக் கையில் வாங்கி, கீழே எங்கும் வைக்காமல், நேரே நர்சம்மா மேஜைக்குக் கொண்டு போக வேண்டும். நர்சம்மா தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் அவனுடையது. ஆறிப் போயிருந்தால் வேறு யாருடையதோ, எங்கேயோ ஒளித்து வைத்திருந்து ஊற்றியது. பாட்டிலை ஜன்னலில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போன ஒரு ஆளுக்கு அன்றைக்கே வேலை போயிற்று. அவன் டீ குடித்து வருவதற்குள் யாரோ பாட்டிலை மாற்றிவிட்டார்கள்.

இந்தச் சூட்டுக் கணக்கு கத்திரி வெயிலில் மட்டும் செல்லாது. அப்போது குழாய்த் தண்ணீரே சுடும். கே.கே. நகரிலிருந்து வந்த ஒரு மெக்கானிக் பையன் அதைப் புரிந்துகொண்டான். மே மாதம், என் கண் எதிரிலேயே என்ன வித்தை செய்தானோ, சூடாக ஒரு பாட்டில் கொடுத்தான். நர்சம்மாவும் வாங்கி வைத்தார். கொஞ்ச நேரத்தில் மேஜை மேல் எறும்பு வரிசை. மற்ற பாட்டில்களை விட்டுவிட்டு அந்த ஒன்றை மட்டும் சுற்றி மொய்த்தது. டாக்டரம்மா சோதித்துப் பார்த்தார், சர்க்கரை கொட்டிக் கிடந்தது. இருபத்து நாலு வயசுப் பையனுக்கு நேற்று வரை இல்லாத சர்க்கரை எங்கிருந்து வந்தது என்று பிடித்துக் கேட்டதில், அது மாமனாருடையது என்று தெரிந்தது. பையன் வெட்கப்படவில்லை, அங்கே எல்லோருக்கும் நைனாவான என்னிடம் மாமனாரைத்தான் குறை சொன்னான்.

"அந்தாளுகிட்டேர்ந்து ஒரு நல்லது வராதுன்னு கல்யாணத்தன்னிக்கே எனக்குத் தெரியும் நைனா."

ஜெயிலா, நைனாவா

இனிமேல் சொல்லப் போவதெல்லாம் ஏழுமலையைப் பற்றி. ஆட்டோ ஓட்டுகிறவன், ஆற்றங்கரைக் குடிசை. பையில் ஒரு பொட்டலம் பிரவுன் சுகர் என்கிற போதைப் பொடியோடு போலீசில் மாட்டினான். விற்கிறவன் இல்லை, தனக்காக வாங்கினவன் என்பதால் ஜட்ஜு ஐயா ஒரு வழி விட்டார். ஆஸ்பத்திரியில் சேர்ந்து வைத்தியம் பார்த்துக்கொள், பிறகு மூன்று மாசம் வாராவாரம் பாட்டில் கொடு, சுத்தம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் வீட்டுக்குப் போ, இல்லையென்றால் ஜெயிலுக்குப் போ. இதற்கு அவனிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்.

முதல் ஐந்து நாள் அவன் பட்டதைப் பார்த்தவர்கள் அந்தப் பொடியைக் கனவிலும் தொட மாட்டார்கள். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர், உரித்த கோழி மாதிரி உடம்பெல்லாம் புள்ளி, காலை நீட்டினாலும் வலி மடக்கினாலும் வலி. முழங்காலுக்குக் கீழே நான் அமுக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். ஆறாம் நாள் கஞ்சி குடித்தான். ஜெயிலுக்கே போயிருந்தால் இந்த அவஸ்தை இருந்திருக்காதே என்று விளையாட்டாகக் கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு யோசித்துத்தான் பதில் சொன்னான்.

"ஜெயில்லயும் எவனாவது கொண்ணாந்து குடுத்துடுவான் நைனா. இங்கதான் வாசல்ல நீ குந்திக்கினு கீறியே."

மல்லிகா வீட்டு ரிப்போர்ட்டு

வீட்டுக்குப் போன பிறகு திங்கட்கிழமை தவறாமல் எட்டு மணிக்கு ஆட்டோ வந்து நிற்கும். பெண்சாதி மல்லிகா பின்சீட்டில். அவள் மீன் விற்கிறவள், கூடையை ஆட்டோவிலேயே விட்டுவிட்டுக் கேட்டுக்கு வெளியே நிற்பாள். நான் பக்கத்தில் நின்றால் ஏழுமலைக்கு வராது. குழாயைத் திறந்துவிடுவேன், சவாரிக் கதை கேட்பேன். வந்ததும் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு, கோபாலபுரத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற ஓடுவான்.

லாப்பிலிருந்து சுத்தம், சுத்தம் என்றே வந்துகொண்டிருந்தது. நான் மல்லிகாவிடம் சொன்னால் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாள். அவளுக்கு வேறு சோதனை இருந்தது. காலையில் அவன் எழுந்ததும் முகத்தைப் பார்ப்பாள். மூக்கு ஒழுகாமல், கொட்டாவி விடாமல் டீ கேட்டால் சரி.

"உங்க பாட்டிலு வாரத்துக்கு ஒரு தபா நைனா. நான் தெனமும் பாத்துக்கினு கீறேன்."

ஜன்னல் திட்டு

கடைசித் திங்கட்கிழமை. வியாழக்கிழமை கோர்ட்டு. ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஏழுமலை பாட்டிலைக் கொடுத்தான், நான் கையில் வாங்கினேன், நல்ல சூடு. நோட்டில் என் பெயரைப் பார்த்துப் பார்த்து எழுதினேன், அவன் போய்விட்டான். நர்சம்மா மேஜைக்கு நடந்துகொண்டிருக்கும்போது மாடியில் தொம்மென்று சத்தம். புதிதாகச் சேர்ந்த குடிகாரர் ஒருவர், ஆறடி ஆள், வலிப்பு வந்து பாத்ரூமில் விழுந்து கிடந்தார். பாட்டிலை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு ஓடினேன். அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, டாக்டரம்மா ஊசி போட்டு, கட்டிலில் ஏற்றி நான் இறங்கி வர அரை மணி ஆகியிருக்கும். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து பாட்டில் ஜில்லென்று இருந்தது.

அப்படியே கொண்டு போய் நர்சம்மாவிடம் கொடுத்தேன். அவர் தொட்டார், என்னைப் பார்த்தார், நோட்டில் எழுதினார். சாயந்திரம் டாக்டரம்மா கூப்பிட்டு, பக்கத்திலேயே நின்றாயா என்று கேட்டார். எங்கள் தொழிலில் ஏமாந்து போனவனுக்கு மன்னிப்பு உண்டு, எல்லோரும் ஒரு நாள் ஏமாந்தவர்கள்தான். பாட்டிலைக் கீழே வைத்தவனுக்குக் கிடையாது. அதனால் ஒரு நிமிஷம் திரும்பியிருப்பேன், அதற்குள் ஏதோ செய்துவிட்டான் போலிருக்கிறது என்று சொன்னேன். சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"இவங்க கடைசி வாரத்துலதான் கவுத்துவாங்க கோவிந்தசாமி. நாமதான் ஒவ்வொரு தடவையும் மறந்துடறோம்."

எந்தக் கட்டில்

புதன்கிழமை காலை ஏழுமலையும் மல்லிகாவும் ரிப்போர்ட்டு வாங்க வந்தார்கள். கடைசிப் பாட்டில் சந்தேகம் என்று எழுதியிருப்பதாக நர்சம்மா சொன்னார். லாப்பு சுத்தம் என்றுதான் சொல்லியிருந்தது. ஆனால் பாட்டிலே அவனுடையது இல்லை என்றால், சுத்தம் என்று வருவதுதானே குற்றம். இப்போது வேறு கொடுக்கிறேன் என்றான் ஏழுமலை. இரண்டு நாள் போனால் உடம்பில் ஒன்றும் தெரியாது, திங்கட்கிழமைக்குப் புதன்கிழமை ஈடாகாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவன் கத்துவான், கேட்டை உதைப்பான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவன் மல்லிகா பக்கம் திரும்பி, நைனா நின்றுகொண்டுதான் இருந்தார், அவரைக் கேள் என்றான். அவன் சொன்னது அவ்வளவுதான். என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் அவனை விற்றது அவனுக்குத் தெரியாது. மல்லிகா என்னைக் கேட்கக் கூட இல்லை, என் முகத்தைப் பார்த்தாள். காலையில் அவள் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் உள்ளே போய் டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். ஜன்னல், சாரல், அரை மணி, பயம், எல்லாம்.  அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார்.

"பொய் சொல்றவங்களுக்கு மாடியில கட்டில் போட்டு வச்சிருக்கேன். உனக்கு எந்தக் கட்டில் வேணும்னு அதையும் கடைசியில எழுதிடு."

எது பொய்

கோர்ட்டில் அதைப் படித்துவிட்டு ஜட்ஜு ஐயா என்னைக் கூப்பிட்டார். முதலில் ஒன்று சொன்னாய், இப்போது வேறு சொல்கிறாய், இதில் எது பொய் என்று கேட்டார். முதலில் சொன்னதுதான் என்றேன். அதை எப்படி நம்புவது என்றார். எனக்குச் சட்டம் தெரியாது, தெரிந்ததைச் சொன்னேன். ஏழுமலை கூண்டுக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜட்ஜு ஐயா ஜெயில் என்று சொல்லவில்லை. விடுதலை என்றும் சொல்லவில்லை. இன்னும் மூன்று திங்கட்கிழமை, வேறு ஆள் நின்று எடுக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். நான் அரை மணி பாட்டிலைக் கீழே வைத்ததற்கு அவன் மூன்று வாரம் கூடுதலாக ஜெயிலை நினைத்துக்கொண்டு ஆட்டோ ஓட்டினான். வெளியே வந்ததும் அவனிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். மல்லிகா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே குறுக்கே வந்தாள். நான் உள்ளே சொன்ன பதிலை அவள் மனப்பாடம் செய்திருந்தாள்.

"'அதைச் சொன்னா வேலை நெலைக்கும், இதைச் சொன்னா வேலை போவும், அதாலதான் இது நெசம்'னியே, இத திங்கக்கெழமையே சொல்லிக்கினா இன்னா நைனா?"

கடைசிப் பாட்டில்

வேலை போகவில்லை. பாட்டில் பக்கம் மட்டும் போகக் கூடாது என்றார்கள். பழையபடி கேட்டில் முறுக்கு ஒடித்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு திங்கட்கிழமை ஏழுமலை என்னைத் தாண்டித்தான் போனான், பேசவில்லை. 

மூன்றாவது திங்கட்கிழமை நர்சம்மா பாட்டிலைத் தொட்டுத் தலையாட்டுவதைக் கேட்டிலிருந்தே பார்த்தேன். அந்த வாரமே கோர்ட்டு அவனை விட்டுவிட்டது, அதற்குப் பிறகு இரண்டு தீபாவளி வரைக்கும் தி.நகர் பக்கம் அவன் ஆட்டோ ஓடியது எனக்குத் தெரியும், அப்புறம் தெரியாது. ஆனால் அன்றைக்கு அவன் வெளியே போகும்போது நின்றான். இட்லி கிள்ளிக்கொண்டிருந்த என் கையைப் பிடித்துத் திருப்பினான். நர்சம்மா மாதிரியே உள்ளங்கையில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தான்.

"சூடாத்தான் கீது நைனா. உம்மேல கேசு இல்ல, போ."

அத்தனை வருஷம் அடுத்தவர் பொய்யைத் தொட்டுப் பார்த்தே பிழைத்தேன், அதில் கோர்ட்டு வரைக்கும் போய் நிரூபணம் ஆனது ஒன்றே ஒன்று, அதுவும் என்னுடையது.