அவர் போனுக்கு வரும் மெசேஜ்

வங்கியில் சம்பளக் கணக்கு தொடங்கியபோது என்னிடம் போன் இல்லை. படிவத்தில் என் வீட்டுக்காரரின் எண்ணைத்தான் எழுதினோம். பிறகு போன் வாங்கியும் எண்ணை மாற்றச் சோம்பல். சுங்குவார்சத்திரம் கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி நான் சம்பாதிக்கும் பணம் எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். நான் எடுக்கும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் அவர் போனில் மெசேஜ் மணி அடிக்கும். அவர் செய்யும் செலவு மட்டும் எனக்கு நேரே வாசலில் வந்து நிற்கும்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை புது பைக் வந்து நின்றது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆத்திரத்தில், இனிமேல் என் பணத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கத்திவிட்டேன். உண்மையில் அன்று நான் வேறொன்று சொல்வதாக இருந்தேன். இடது மார்பில் மூன்று மாதமாக ஒரு கட்டி. சண்டையில் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போனால் பைசா செலவில்லை. ஆனால் அங்கே வரிசையில் அவர் கம்பெனி ஆட்கள் யாராவது நிற்பார்கள். அதனால் புதன்கிழமை, வேலைக்குப் போவதுபோல ஐடி கார்டை மாட்டிக்கொண்டு கிளம்பி, ஸ்ரீபெரும்புதூர் ஏடிஎம்மில் பணம் எடுத்தேன். அவர் ஒரகடத்தில் கம்பெனி லைனில் வேலையில் நிற்பார், போன் லாக்கரில் இருக்கும், ஷிப்ட் முடியும்வரை பார்க்கமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போனை அணைத்துவிட்டு ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். ஊசியால் சதை எடுத்தார்கள். ரிசல்ட் வர ஐந்து நாள் ஆகும் என்றார்கள். திரும்பும்போது பஸ்ஸில், அவ்வளவு பணத்துக்கு என்ன பொய் சொல்வது என்பதுதான் என் பயமெல்லாம்.

வாசலில் பைக் நின்றது. மணி இரண்டுகூட ஆகவில்லை. உள்ளே பீரோ திறந்து கிடந்தது. அவர் யூனிஃபார்மோடு தரையில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு இடைவேளையில் மெசேஜைப் பார்த்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டால் போன் அணைந்திருக்கிறது. கம்பெனியில் விசாரித்தால் நான் வரவில்லை என்றிருக்கிறார்கள். ஓடி வந்து, என் துணிமணி இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்.

"பைக்க வித்துடறேன். என்ன வுட்டுட்டு போவாத" என்றார்.

திட்டு விழும் என்று பயந்து வந்தவள், அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். பொய் எதுவும் வாயில் வரவில்லை.

"நான் எங்கியும் போவல. மார்ல ஒரு கட்டி கீது. டெஸ்ட் எடுக்கப் போனேன்."

"அவ்ளோதானா?" என்றார். மூச்சு விட்டார். சிரித்தே விட்டார்.

அந்தச் சிரிப்பு அவர் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போனதைப் பார்த்தபோதுதான், மூன்று மாதமாக நான் தனியாக வைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு பெரியது என்று எனக்கே தெரிந்தது.