குளத்துக்கு உப்புப் பார்த்தவர்

மாஸ்டர் ஓய்வு பெற்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார் என்று நினைத்தவர்கள் அவரைச் சரியாகத் தெரியாதவர்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கேன்டீனில் முப்பது வருஷம் தலைமைச் சமையல்காரராக இருந்தவர். அத்தனை வருஷமும் நோயாளிகள் அவர் சமையலைப் பற்றிச் சொன்னது ஒரே குறை: உப்பில்லை. டாக்டர் போடாதே என்றால் அவர் என்ன செய்வார், பாவம். அந்த முப்பது வருஷத்து உப்பையும் சேர்த்துவைத்து இப்போது மகள் வீட்டுப் பாத்திரத்தில் கொட்டுகிறாரோ என்று சந்தேகப்படும்படி இருந்தது நிலைமை.

அதை அவரிடம் சொல்லத்தான் அந்த வீட்டில் ஆள் இல்லை. 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று சொல்லிச் சொல்லி வளர்த்த அப்பாவிடம், உப்புள்ள பண்டமும் இப்போது அங்கேதான் போகிறது என்று எந்த மகள் சொல்வாள்? மனைவியோ வாயே திறப்பதில்லை. மாஸ்டருக்கு அளவுக் கரண்டி என்றாலே இளக்காரம். கொதிப்பதில் ஒரு சொட்டை எடுத்து உள்ளங்கையில் விட்டு, நுனிநாக்கால் தொட்டு, கண்ணை மூடி, "இன்னும் ஒரு கை" என்பார். அவ்வளவுதான் கணக்கு.

இந்த நேரத்தில்தான் மகளுக்குப் பதவி உயர்வு வந்தது. ஆபீஸில் கூட வேலை செய்கிறவர்களை வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டிருந்தாள்.

"சாப்பாட்ட வெளியில சொல்லிடலாம்னு இருக்கேன்ப்பா" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

மாஸ்டர் கரண்டியோடு திரும்பினார். "நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் வீட்ல இருக்கேன். வெளியில எதுக்கு?"

மகளுக்கு ஒரு வழி தோன்றியது. "உங்களுக்கு வேற பெரிய வேலை இருக்குப்பா. நம்ம நீச்சல் குளத்த யாரு பாத்துக்கறது? அது தானா சுத்தமாயிடாது."

"குளத்தையும் பாக்கறேன், சமையலையும் பாக்கறேன். தண்ணி பளிச்சுன்னு இருந்தா அடுப்படி என்கிட்ட. சரியா?"

வேறு வழியில்லாமல் அவள் சரி என்றாள். நடக்கப்போவதில்லை என்ற தைரியத்தில் சொன்ன சரி அது.

வீட்டின் பின்புறம் இருந்தது உப்புத் தண்ணீர்க் குளம். கடலைப்போல் கரிக்காது, அதில் பத்தில் ஒரு பங்குதான் உப்பு. குழாயோடு பொருத்தியிருக்கும் மெஷின் அந்த உப்பிலிருந்தே குளோரினை உண்டாக்கிக்கொள்ளும். ஒரே தொந்தரவு, மெஷின் ஓட ஓடத் தண்ணீரின் பி.எச்., அதாவது காரத்தன்மை, ஏறிக்கொண்டே போகும். அதை இறக்க அவ்வப்போது கொஞ்சம் ஆசிட் விட வேண்டும். கை தவறி அதிகம் விட்டால் சோடாத் தூள் போட்டுத் தூக்க வேண்டும். எதையும் செய்யுமுன் சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டு, நிறம் பார்க்க வேண்டும்.

"இவ்ளோதானா? உப்பு, புளிப்பு, சோடா. இதுவும் சமையல்தான்" என்றார் மாஸ்டர். சொட்டு மருந்துப் பெட்டியை எடுத்து, சமையலறையில் மனைவி வாங்கி வைத்த அளவுக் கரண்டிகளுக்குப் பக்கத்திலேயே, கை எட்டாத பரணில் வைத்தார்.

மறுநாள் காலை படியில் உட்கார்ந்து குளத்தில் கையை நனைத்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டு, நுனிநாக்கு, மூடிய கண்.

"என்னங்க பண்றீங்க? ஊரே குளிக்கிற தண்ணி அது" என்றாள் மனைவி. முழங்கால் வலிக்குத் தினமும் சாயங்காலம் குளத்தில் இறங்கி நடக்கிறவள் அவள். அந்த ஊர் என்பது அவள் ஒருத்திதான்.

"உப்பு கம்மி" என்று தீர்ப்புச் சொன்னார் மாஸ்டர்.

விதியைப் பாருங்கள், அன்று மத்தியானமே மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. கீழே எழுத்து ஓடியது: உப்புக் குறைவு. மாஸ்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆபீஸிலிருந்த மகளுக்குப் போட்டோ அனுப்பினார். அந்தப் பெட்டி ஒன்றுதான் சமீப காலத்தில் அவர் நாக்கை ஆமோதித்திருந்தது. அதன் தலையைத் தட்டிக்கொடுத்தார்.

இரண்டு மூட்டை உப்பு வாங்கிக் கொட்டிக் கரைத்தார். விளக்கு அணையவில்லை. நக்கிப் பார்த்தார், நாக்கும் பத்தவில்லை என்றது. அடுத்த பத்து நாளில் இன்னும் மூன்று மூட்டை வந்தது. உப்பு உப்பு என்று அலைந்ததில் ஆசிட் என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோயிற்று. சிவப்பு விளக்கு மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் நின்றது.

கடைசி மூட்டையும் கரைந்த அன்று சாயங்காலம் மனைவி குளத்தில் இறங்கினாள். இரண்டு அடி நடந்ததும் கால் வழுக்கி ஒரு வாய் தண்ணீர் உள்ளே போய்விட்டது. இருமிக்கொண்டே படியைப் பிடித்தாள்.

"கடல் தண்ணியாட்டம் கரிக்குதுங்க."

"உனக்கு நாக்குல ஏதோ கோளாறு" என்றார் மாஸ்டர். "நானும் சொல்றேன், மெஷினும் சொல்லுது. ரெண்டு பேரும் பொய்யா சொல்றோம்?"

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அவளை மடக்குவதற்காகவே ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, குளத்துச் சாமான் கடைக்குப் போனார். கடைக்காரம்மா அதை ஒரு கருவியில் ஊற்றினாள். எண்ணைப் பார்த்தாள். கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினாள்.

"ஐயா, இது குளத்துத் தண்ணிதானே?"

"ஏன்?"

"இருக்க வேண்டியதுக்கு டபுளா இருக்கு உப்பு. யாரு இவ்ளோ போட்டது?"

"மெஷின் கேட்டுச்சும்மா" என்றார் மாஸ்டர்.

"பி.எச்.சும் எக்கச்சக்கமா ஏறிக் கிடக்கு. ஆசிட் விடவே இல்லையா? அப்ப மெஷினுக்குள்ள இருக்குற தகட்டுல எல்லாம் சுண்ணாம்பு படிஞ்சிருக்கும். படிஞ்சா மெஷினுக்கு உப்பு தெரியாது, எவ்ளோ கொட்டினாலும் பத்தல பத்தலன்னுதான் சொல்லும். பாதித் தண்ணிய இறைச்சுட்டு நல்ல தண்ணி விடுங்க."

வழியெல்லாம் மாஸ்டர் ஒரே யோசனையாக நடந்தார். மெஷினுக்கு நாக்கில் சுண்ணாம்பு, சரி. அது தப்பாகச் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தன் நாக்கில் என்ன படிந்திருக்கிறது? குருடும் குருடும் கைகோத்துக்கொண்டு குளத்தில் ஐந்து மூட்டை கொட்டியிருக்கின்றன. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மெஷினைக் கழற்றினார். தகடுகளுக்கிடையில் வெள்ளை வெள்ளையாக ஏடு கட்டியிருந்தது. வாளித் தண்ணீரில் கொஞ்சம் ஆசிட் கலந்து அதில் ஊறவைத்தார். நுரைத்து நுரைத்துக் கரைந்தது. கழுவி மாட்டினார். சிவப்பு விளக்கு ஒரு தடவை கண்ணைச் சிமிட்டியது. இப்போது எழுத்து மாறியிருந்தது: உப்பு அதிகம்.

"நீயும் கட்சி மாறிட்டியா" என்றார் மெஷினைப் பார்த்து.

கை கழுவச் சமையலறைக்குப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். காலையில் அவர் வைத்துவிட்டுப் போன சூப்பில் மனைவி வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தயங்கித் தயங்கி ஊற்றவில்லை. எத்தனை குவளை வேண்டும் என்று தெரிந்த கை அது. மடமடவென்று ஊற்றிக் கலக்கி, மூடி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எத்தன நாளா?" என்றார் மாஸ்டர்.

அவள் ஒளிக்கப் பார்க்கவில்லை. "நீங்க வேலைய விட்டதுலேர்ந்து. அதுக்கு முன்னாடியும் கொஞ்ச நாள். பொரியலத்தான் ஒண்ணும் பண்ண முடியல."

"ஏன் சொல்லல?"

"தினம் ராத்திரி வந்து புலம்புவீங்களே. அந்த வார்டுல இப்படிச் சொன்னான், இந்த வார்டுல அப்படிச் சொன்னான்னு. ஊரே குறை சொல்லுது, வீட்லயும் ஒருத்தி எதுக்குன்னு விட்டுட்டேன்."

"அப்ப என் சமையல்…"

"சமையல் நல்லாத்தான் இருக்கு. உப்புதான் உங்களுக்குத் தெரியல. வயசானா கண்ணு மங்குது, காது மங்குது. நாக்கு மட்டும் என்ன இரும்பா?"

மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவமானமாக இருந்தது. தன் கைப்பக்குவத்தைப் பற்றி வாய் கிழியப் பேசிய ஒவ்வொரு வேளையும், எதிரே இவள் வெந்நீர் கலந்த தட்டோடு உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறாள் என்பது அதைவிட அதிகமாக வலித்தது. மகள் ஏன் வெளியில் சொல்லலாம் என்றாள் என்பதும் இப்போது புரிந்தது.

அந்த வாரம் முழுக்க அவர் நாக்கை வெளியே நீட்டவில்லை. பாதித் தண்ணீரை இறைத்தார், நல்ல தண்ணீர் விட்டார். பரணில் ஏறிச் சொட்டு மருந்துப் பெட்டியை இறக்கினார். ஒவ்வொரு சொட்டையும் எண்ணி விட்டு, நிறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஆசிடை அளந்து ஊற்றினார். ஆசிட் அளவு மீறியபோது சோடாவையும் அளந்து போட்டார். தண்ணீர் தெளிந்து, அடியில் கிடந்த மனைவியின் கொண்டை ஊசி மேலிருந்தே தெரிந்தது.

மகள் குளத்தைக் குனிந்து பார்த்தாள். சொன்ன சொல் சொன்ன சொல்தான். "என்ன சாமான் வேணும்னு சொல்லுங்கப்பா" என்றாள்.

விருந்தன்று காலை மாஸ்டர் அளவுக் கரண்டிகளை வரிசையாக மேஜைமேல் அடுக்கினார். சிட்டிகைகூடக் கையால் போடவில்லை. கை பழக்கத்தில் உப்பு ஜாடிக்குப் போனபோதெல்லாம், குழந்தையை அதட்டுகிற மாதிரி அதை இழுத்துக்கொண்டார். எல்லாம் கொதித்து இறங்கியதும் மனைவியைக் கூப்பிட்டார். ஒரு சொட்டை எடுத்தார். தன் உள்ளங்கையில் விடாமல், அவள் உள்ளங்கையைப் பிடித்து அதில் விட்டார்.

"நெசத்தச் சொல்லணும்."

அவள் நக்கிப் பார்த்தாள். கண்ணை மூடினாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் வைத்த எதையும் குறை சொல்லாதவள், கண்ணைத் திறந்து சொன்னாள்: "உப்பு பத்தல."

மாஸ்டருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "நெசமாவா? எவ்ளோ?"

"அரைக் கரண்டி. தலை தட்டிப் போடுங்க."

தலை தட்டிப் போட்டார். அவள் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது, அடுத்த சொட்டுக்கு.