கிணற்று நீரில் ஒன்றுமில்லை

ஒரு சாண் உயரப் பித்தளைக் குழாய். அடியில் வெயிலை ஏந்த ஒரு வட்டக் கண்ணாடி. இப்போது என் மேசையில் இருக்கும் இந்த மைக்ராஸ்கோப்பை, யுத்தம் நடந்த நாட்களில், சயன்ஸ் சார் துண்டில் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார். நான் அப்போதுதான் அந்தப் பள்ளியில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்திருந்தேன். "பிள்ளைகள் என்னை நம்பவேண்டாம், தங்கள் கண்ணை நம்பட்டும்" என்பார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான், உப்பளத்துக்காரரின் மகன். அவர் சொன்னதெல்லாம் எனக்கு வேதம்.

முதலில் குளத்து நீரில் ஒரு சொட்டை வைத்தார். "ஏலே, ஒங்க மாமன் நெளியுதான் பாரு!" என்று ஒருவன் கத்த, வகுப்பே சிரித்தது. அடுத்து, கடற்கரைத் தெருக் கிணற்று நீர். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி குனிந்து பார்த்து, "ஒண்ணுமே இல்லியே, சார்" என்றாள். "சுத்தமான நீர்" என்றார் சார். அதைக் கரும்பலகையில் எழுதியவன் நான்தான்.

அன்று மாலையே அந்தச் செய்தி பிள்ளைகளோடு வீடுவீடாகப் போயிற்று. காலரா பயத்தில் தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருந்த வீடுகள் அவை. விறகுக்குத் திண்டாட்டம். அடுப்பை அணைக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது, நாங்கள் கொடுத்தோம்.

பத்து நாளில் அந்தத் தெருவில் பேதி கண்டது. சார் என்னையும் இழுத்துக்கொண்டு வாசல்வாசலாக ஓடினார். "காய்ச்சிக் குடிங்க! நம்ம கண்ணாடிக்குத் தெரியாத கிருமியும் இருக்கு!" வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்கு இல்லன்னு காட்டுனிய, இன்னைக்கு இருக்குங்கிய. எத நம்ப, சார்?"

முன்வரிசைச் சிறுமி போய்விட்டாள். அடக்கம் முடிந்த மறுநாள், அவள் தாய் ஒரு செம்பில் நீரோடு வகுப்புக்கு வந்தாள்.

"கடைசியா எம்மவ குடிச்ச தண்ணி, சார். பாத்துச் சொல்லுங்க."

சார் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார். துடைத்துவிட்டு, இன்னொரு சொட்டு வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலம்மா" என்றார்.

"அப்ப அவ பொய் சொல்லல." செம்பை எடுத்துக்கொண்டாள். "வாசல்ல வந்து கிருமி இருக்குன்னு நீங்க சொன்னதும், 'ஏட்டி, பள்ளியோடத்துல சரியாப் பாக்காம எங்கிட்டப் பொய் சொன்னியா'ன்னு வைஞ்சுபுட்டேன், சார். எந்திரிக்க முடியாமக் கெடந்தவள."

அவள் வாசல் தாண்டிப் போனபிறகும், சார் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.