பின்சுவருக்கு வெள்ளையடித்த ஞாயிறு

என்னிடம் ஒரு ஜனவரி மாதக் காலண்டர் தாள் இருக்கிறது. லாரி உதிரிபாகக் கடை கொடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமையை வட்டமிட்டு, 'பின்சுவர் சுண்ணாம்பு' என்று அம்மா பென்சிலால் எழுதியிருக்கிறார். ஆண்டு அச்சான மேல்பகுதி கிழிந்துவிட்டது. நான் அப்போது மூன்றாம் வகுப்பு என்பதை வைத்துத்தான் ஆண்டைக் கணக்கிட்டுக்கொள்கிறேன்.

சங்ககிரிக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். ஒரு பக்கம் தெலுங்கு பேசும் தறிக்காரர் குடும்பம், மறுபக்கம் உருது பேசும் லாரி மெக்கானிக் குடும்பம், அதற்கடுத்து டயர் கடை வைத்திருந்த மலையாளத்துக்காரர். குழாயடியில் எல்லோரும் தமிழில்தான் சண்டை போட்டார்கள். பிள்ளைகளைத் திட்டும்போது மட்டும் அவரவர் மொழிக்குப் போய்விடுவார்கள். கடைசி வீட்டுக்குப் பீகாரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. அவர்களுடைய மகளும் நானும் ஒரே வயது. பாண்டி ஆடிய நேரத்திலேயே அவள் பேச்சு எனக்குப் பிடிபட்டுவிட்டது. அதைப் பெரியவர்கள் யாரும் கவனிக்கவில்லை. எங்கள் வரிசையில் இந்தி தெரிந்தவர் என்றால் என் மாமாதான். ரிக் வண்டியோடு வடக்கே போய் ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு வந்தவர். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

பொங்கலுக்கு வெள்ளையடித்த பின்சுவரை ஒட்டி, வெல்டரின் மனைவி ஒரு மண்ணடுப்பு போட்டார். சுவரில் ஆள் உயரத்துக்குக் கரி ஏறிவிட்டது. வீட்டு உரிமையாளர் வந்து பார்த்துவிட்டு, பேசித் தரச் சொல்லி மாமாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஈரங்கூடக் காயல, அதுக்குள்ள கரியப் பூசியுட்டாங்க. நாளைக்கே ஊட்டக் காலி பண்ணோணும்னு சொல்லு மாப்ள."

மாமா அதை இந்தியில் சொன்னார்: அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம், ஞாயிற்றுக்கிழமை வெள்ளையடித்துக் கொடுத்தால் போதுமாம்.

உரிமையாளரின் முகத்துக்கும் இந்தப் பேச்சுக்கும் பொருந்தவில்லை போலும். அந்தக் கோபத்தைப் பார்த்து வெல்டர் கொதித்துவிட்டார். வெள்ளையடிக்க இதென்ன அரண்மனையா, மாட்டுக்கொட்டகை, இன்றைக்கே போகிறோம் என்று இந்தியில் கத்தினார். கதவுக்குப் பின்னால் என் தோழி தன் சிலேட்டைத் துணிமூட்டைக்குள் செருகிக்கொண்டிருந்தாள்.

மாமா நிதானமாக உரிமையாளர் பக்கம் திரும்பினார். "தப்புத்தானுங்ணா, ஞாயித்துக்கெழம நானே அடிச்சுத் தர்றேங்கறாருங்க. அடுப்பயும் தள்ளிப் போட்டுக்கறாங்களாமா."

எனக்கு மானம் போனது. மாமாவுக்கு இந்தியே தெரியாதா? "மாமா, அவரு அப்படிச் சொல்லவே இல்ல! இந்த ஊடு..." என்று தொடங்கினேன். மாமாவின் முகம் வெளுத்தது.

"ஏங்கண்ணு, உங்கம்மா கூப்புடுது பாரு. ஓடு சாமி," என்று குறுக்கே வந்தார் உரிமையாளர்.

ஓடிப்போய்க் கேட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா, கூப்பிடவே இல்லை என்றார்.

சாயங்காலத்துக்குள் மாமா வெல்டரைச் சமாதானப்படுத்திவிட்டார். ஞாயிறன்று இருவரும் சேர்ந்து சுவருக்கு வெள்ளையடித்தார்கள். அடுப்பு வேப்பமரத்தடிக்குப் போனது. அந்த வீட்டிலிருந்தே பிரசவத்துக்குப் போனார்கள். குழந்தையோடு அந்த வீட்டுக்கே திரும்பினார்கள். நானோ, மாமாவின் இந்தி போலி என்று தெலுங்கு வீடுவரை போய்ச் சொல்லி வைத்தேன். அவர் இரண்டு பக்கமும் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னார் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் உறைத்தது.

உரிமையாளர் அண்மையில் காலமானார். துக்கம் கேட்கப் போனபோது அவருடைய மகன் ஒரு செய்தி சொன்னார். வீடுகள் கட்டுவதற்கு முன்பு அவர் நாக்பூர் லைனில் வருடக்கணக்கில் லாரி ஓட்டியவராம். அம்மா கூப்பிடாமலே என்னை அவர் ஓடச் சொன்னது சட்டென்று நினைவுக்கு வந்தது.

"அப்பாவுக்கு இந்தி வருமுங்களா?"

"தெரியலீங்களே. ஊட்ல ஒரு வார்த்தை பேசுனதில்ல."

மாமாவிடம் சொன்னேன். "மாட்டுக்கொட்டாய்னு சொன்னதும் கேட்டிருக்குமா அந்த மனுசனுக்கு?" என்றார்.

அந்நாளில் அதே லைனில் ஓட்டிய இன்னும் சிலரை விசாரித்துவிட்டேன். அவருக்கு இந்தி தெரியுமா என்பது இதுவரை உறுதியாகவில்லை.