தூங்கும் கம்ப்யூட்டருக்குக் கையேடு திருத்தியவள்

கையேடு எழுதுகிற தொழிலில் ஒரு விசேஷம்: சரியாக எழுதினால் ஒருத்தரும் படிக்க மாட்டார்கள், தப்பாக எழுதினால் ஊரே படிக்கும்.

சாஃப்ட்வேருக்குக் கையேடு எழுதிக் கையைச் சுட்டுக்கொண்ட சகபாவிகளே, இது உங்களுக்காகத்தான். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். நான் கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பிழைப்பு கராடியில், வீடு ஊரின் இன்னொரு கோடியில் சிஞ்ச்வட்டில். இந்த அலைச்சல் போதாதென்று, காலணா சம்பளமில்லாமல் நானாகவே போய் மாட்டிக்கொண்ட வேலை ஒன்று இருக்கிறது. லேப்டாப்பைத் தூங்க வைக்கிற ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் ப்ரோக்ராம். அதன் ஆங்கிலக் கையேட்டில் பிழை திருத்துகிறேன். யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். ஹெல்கா என்று ஒரு ஜெர்மன் அம்மா பார்த்து, சரியென்றால் சேர்ப்பார். நான் நாலு பக்கம் விளக்கம் எழுதினால் அவர் நாலு வார்த்தையில் பதில் போடுவார். அந்த நாலு வார்த்தைக்காக நான் மெயிலை நாற்பது தடவை திறந்து பார்ப்பேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய!

விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டே வரி. கம்ப்யூட்டருக்கு லேசான தூக்கம் என்று ஒன்று. வேலையெல்லாம் மெமரியில் அப்படியே இருக்கும், ஆனால் பேட்டரி தீர்ந்தால் எல்லாம் போச்சு. ஆழ்ந்த தூக்கம் என்று இன்னொன்று. வேலையை ஹார்ட் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கும், பேட்டரியையே பிடுங்கினாலும் கவலையில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்கிற மூன்றாவது வகையும் உண்டு. அதற்கு 'பத்திரத் தூக்கம்' என்று தமிழில் பெயர் வைத்தவள் நான். அந்தப் பெயருக்கு என்ன கதி வந்தது என்று சொல்லத்தான் போகிறேன்.

வியாழக்கிழமை வாடிக்கையாளர்

எனக்கு நேரில் தெரிந்த ஒரே வாசகர் ராஜாமணி அண்ணன். சிங்காநல்லூர்க்காரர், கசார்வாடியில் ஆறு பேர் வேலை செய்கிற லேத் பட்டறை வைத்திருக்கிறார். இருபது வருஷமாகப் புனேயில் இருக்கிறார்; பாதி ஹிந்தி, கால் மராத்தி, மீதி சுத்தமான கோயம்புத்தூர். காய்கறி மண்டியில் ஒருநாள் என் தமிழைக் கேட்டுத் திரும்பிப் பார்த்து, "அம்மிணி நம்மூருங்களா?" என்றார். அன்றிலிருந்து ஞாயிறு தோறும் பேச்சு.

அவருக்கு ஒரு பெரிய கம்பெனியிலிருந்து ட்ரையல் ஆர்டர் வந்திருந்தது. ஷாஃப்ட், அதாவது இரும்புத் தண்டு, கடைந்து தர வேண்டும். ஒவ்வொரு ஷாஃப்ட்டின் அளவையும் கருவியில் வைத்து எடுத்து, அந்தப் பட்டியலோடு கொடுக்க வேண்டும். பட்டியல் இல்லாவிட்டால் சரக்கு திரும்பி வந்துவிடும், ஆர்டரும் அத்தோடு சரி. அளவெடுக்கும் கருவி ஒரு கிழட்டு லேப்டாப்பில் இணைந்திருக்கிறது. அதிலுள்ள பழைய ப்ரோக்ராம், மொத்தச் சரக்கும் அளந்து முடிகிற வரை எதையும் சேவ் செய்யாது. அளந்த ஷாஃப்ட்டையோ உடனே எண்ணெய் தடவிப் பேப்பரில் சுற்றிப் பெட்டியில் ஆணி அடித்துவிடுவார்கள். புனேயில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், வியாழக்கிழமையானால் பராமரிப்பு என்று கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள். லேப்டாப் பேட்டரி அரை மணி நேரம் தாங்கினால் பெரிய காரியம். அண்ணன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "லைட் போனாலும் நம்ம அளவெல்லாம் பத்திரமா இருக்குமா அம்மிணி?"

நான் விடுவேனா! பத்திரத் தூக்கப் பக்கத்தைத் தமிழில் எழுதி, பிரின்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் அதை லேப்டாப்புக்கு மேலே சுவரில் டேப் போட்டு ஒட்டினார். மாலை போடாத குறைதான். தள்ளி நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "படிச்ச புள்ளைங்க கூட இருந்தா ஒரு தெம்புதானுங்."

அதிர்ச்சி மூன்று முறை

கையேட்டில் எழுதுகிற ஒவ்வொரு கமாண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்பது ஹெல்காவின் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் நான் எழுதிக்கொண்டிருப்பதும் அதே லேப்டாப், தூங்க வைப்பதும் அதே லேப்டாப். ஞாயிற்றுக்கிழமை காலையில் சோபாவில் உட்கார்ந்து மும்முரமாக ஒரு பத்தி அடித்தேன், கமாண்டை ஓட்டினேன். திரை கறுத்தது. "ஐயையோ, என் பத்தி!" என்று அலறினேன். எழுப்பினேன், பத்தி இருந்தது. இன்னொரு பத்தி, இன்னொரு கமாண்ட், இன்னொரு அலறல். மூன்றாம் தடவை ஆழ்ந்த தூக்கம். ஒழுங்காக எழுந்திருக்கவில்லை, பத்தியும் போனது. அந்த அலறலுக்குக் கீழ்வீட்டு மராத்திப் பாட்டி, எங்களுக்கு ஆஜி, மேலே வந்து காலிங் பெல்லை அடித்து, எல்லாம் சரியா என்று கேட்டுவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் செந்தில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். கிண்ணம் நிறைந்ததும் நிதானமாகச் சொன்னார்: "தூங்குன்னு நீயே சொல்ற, அதுவும் தூங்குது. ஒவ்வொரு தடவையும் நீ எதுக்குப் பதறுற, அதான் எனக்குப் புரியல."

நாற்பத்தைந்து

இத்தனை நேரம் கழித்துத் தானாக எழுந்திரு என்று சொல்லித் தூங்க வைக்கிற வசதியும் இந்த ப்ரோக்ராமில் உண்டு. நேரத்தை நிமிஷக் கணக்கில் கொடுக்க வேண்டும் என்று கையேடு சொன்னது. நானும் கையேட்டை நம்பினேன். ஆமாம், நானே நம்பினேன், சிரிக்காதீர்கள். ஆபீஸில் ஆன்லைன் மீட்டிங் நடுவே சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் விட்டார்கள். நாற்பத்தைந்து என்று அடித்து லேப்டாப்பைத் தூங்க வைத்துவிட்டு, டப்பாவைத் திறந்து, செந்திலுக்குப் போன் போட்டேன். "இந்த மேனேஜருக்கு வேற வேலையே இல்லையா? மனுஷி புளியோதரைய நிம்மதியாத் திங்கக்கூட விடமாட்டேங்கறாரு" என்று தொடங்கி, அவருடைய மீசை வரைக்கும் போனேன்.

ப்ரோக்ராம் கணக்கு வைத்திருந்தது நொடியில். நாற்பத்தைந்தாவது நொடியில் லேப்டாப் எழுந்து, சமர்த்தாக மீட்டிங்கில் சேர்ந்து, மைக்கையும் திறந்து வைத்துக்கொண்டது. மேனேஜர் நாசிக் ஊர்க்காரர், எனக்குத் தெரிந்து மராத்தி, ஹிந்தி, ஆங்கிலம் தவிர ஒரு வார்த்தை பேசினதில்லை. லேப்டாப்பிலிருந்து அவர் குரல் தட்டுத்தடுமாறி வந்தது: "என் மிஸஸ் மதுரை. நீங்க புளியோதரை சாப்ட்டு வாங்க, நான் வெயிட் பண்றேன்."

அந்தத் திருத்தத்தை மட்டும் மூன்று நிமிஷத்தில் அனுப்பினேன்.

ஆளில்லாத அறை

'இந்தக் கமாண்டை எங்கிருந்தும் கொடுக்கலாம்' என்று ஒரு வரி இருந்தது. உண்மைதான், பொய்யில்லை. என்னோடு வேலை செய்யும் பிரசாத் அதைப் படித்துவிட்டு, தன் நாற்காலியில் இருந்தபடியே மூன்றாம் மாடி டெஸ்ட் அறையில் இருக்கிற சர்வருக்குக் கொடுத்துப் பார்த்தான். சர்வர் தூங்கிவிட்டது. அதில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பதினோரு பேர் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். தூங்குகிற சர்வருக்கு இங்கிருந்து எந்தக் கமாண்டும் காதில் விழாது. யாராவது நேரில் போய்ப் பட்டனைத் தட்ட வேண்டும். அறைச் சாவியோ செக்யூரிட்டி ஜாதவ் காக்காவிடம் (மராத்தியில் காக்கா என்றால் சித்தப்பா).

காக்காவுக்கு ஹிந்தியில் விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. எந்தப் பட்டன், எத்தனை நேரம் அழுத்த வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் இன்டர்காம் அடித்தது. ரொம்ப அக்கறையாக, ஹிந்தியில் கேட்டார்: "எழுப்பிட்டேன் மேடம். டீயும் கொடுக்கணுமா?"

ஹெல்காவின் ஒரே கேள்வி

இப்படி வாரம் இரண்டு திருத்தம் போனதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கை அரித்தது. பத்திரத் தூக்கப் பக்கத்தில் பழைய வரி ஒன்று கிடந்தது: 'டிஸ்க்கில் இடம் போதாவிட்டால் லேசான தூக்கம் மட்டுமே நடக்கும்.' இதென்ன, வாசகரைச் சும்மா பயமுறுத்திக்கொண்டு! என் லேப்டாப்பில் பத்திரத் தூக்கம் போட்டுப் பார்த்தேன். தூங்கியது, எழுந்தது, எல்லாம் இருந்தது. வரியைத் தூக்கினேன். அண்ணனுக்குக் கொடுத்த தமிழ்ப் பிரதியிலும் அந்த வரி கிடையாது. திருத்தத்தை முறைப்படி ஹெல்காவுக்கு அனுப்பியது மட்டும் சாவகாசமாக, பல வாரம் கழித்து. அப்புறம் ஒரு வியாழக்கிழமை, எனக்கு வீட்டிலிருந்து வேலை. காலையில்தான் அவர் பதில் வந்தது: "பேட்டரியைக் கழற்றிப் பார்த்தீர்களா?"

சகபாவிகளே, கழற்றவில்லை. பேட்டரி இருந்தால் எந்தத் தூக்கத்திலிருந்தும் எழுந்திருக்கும்தானே! நான் சோதித்தது வெறும் லேசான தூக்கத்தை. இப்போது கழற்றினேன். மறுபடி மாட்டினேன். லேப்டாப் புதுசாகப் பிறந்த மாதிரி கிளம்பியது, திறந்து வைத்திருந்த ஒன்றும் இல்லை. என் டிஸ்க்கில் இடம் போதவில்லை, ப்ரோக்ராமும் ஒரு வார்த்தை சொல்லாமல் லேசாகத் தூங்கியிருக்கிறது. அண்ணனின் கிழட்டு லேப்டாப்பில் இடம் எப்படி இருக்கும்? அன்றைக்கு வியாழக்கிழமை. கரண்ட் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அண்ணன் புதன்கிழமையிலிருந்து அளந்துகொண்டிருந்தார். மறுநாள் காலை சரக்கைப் பார்க்கக் கம்பெனி இன்ஸ்பெக்டர் வருகிறார்.

போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். லோக்கல் ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. செந்திலின் பெரிய பவர் பேங்க்கை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். பழைய ஹைவேயில் சிக்னலுக்கு சிக்னல் நின்றது. "பையா, ஜல்தி, ஜல்தி" என்று நான் துடிப்பதைக் கண்ணாடியில் பார்த்த ஆட்டோக்காரர் கேட்டார்: "ஆஸ்பத்திரிக்கா, அக்கா?"

கசார்வாடி

பட்டறை இருட்டாக, அமைதியாக இருந்தது. ஆறு பேரும் வாசலில் உட்கார்ந்து வடா பாவ் தின்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் உள்ளே இருந்தார். நான் யாரிடமும் பேசாமல் நேராக லேப்டாப்பிடம் போனேன். ஒரு விளக்குகூட மினுக்கவில்லை. பவர் பேங்க்கைச் சொருகிப் பட்டனை அழுத்தினேன். புதுசாகக் கிளம்பியது. அளவுப் பட்டியல் வெறுமையாக இருந்தது. கடைசிப் பெட்டி தவிர மற்றதெல்லாம் ஆணி அடித்து, சுவரோரம் அடுக்கியாகிவிட்டது. மேலே என் பிரின்ட்டில் 'பத்திரத் தூக்கம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணா, நான் தப்பா எழுதிட்டேண்ணா. எல்லாம் போச்சு. என்னாலதான் போச்சு" என்று சத்தமாகவே அழுதேன். வடா பாவ் தின்றவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அண்ணன் முதலில் தண்ணீர் கொடுத்தார். பிறகு எண்ணெய் டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துத் தூசி தட்டி என் முன்னால் வைத்தார். அளந்த ஒவ்வொரு ஷாஃப்ட்டும், ஒவ்வொரு அளவும், பேனாவில், வரிசையாக, கிறுக்கல் இல்லாமல் இருந்தது. நான் அழுகையை நிறுத்தாமலேயே சிரித்தேன். என் லேப்டாப்பில் நான் அடிக்க, அண்ணன் வாசிக்க, கரண்ட் வருகிற நேரத்தில் நோட்டு முழுக்கப் பட்டியலில் ஏறியது; கடைசிப் பெட்டியை மட்டும் பிறகு அளந்து சேர்த்தோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் நான் சேவ் செய்ததைப் பார்த்து லேத்காரர் ஒருவர் மற்றவரிடம் மராத்தியில் சொன்னார்: "மேடம் இப்போதான் கற்றுக்கொள்கிறார்கள்."

நீக்கின வரியைத் திரும்பச் சேர்த்து, 'பேட்டரியைக் கழற்றிச் சோதிக்கப்பட்டது' என்று எழுதி அன்றைக்கே அனுப்பினேன். ஹெல்கா ஒரு வார்த்தையில் பதில் போட்டார்: "கடைசியில்!"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். இன்ஸ்பெக்டர் நாலு பெட்டியைப் பிரித்து அளந்து பார்த்தாராம், எல்லாம் பட்டியலோடு ஒத்துப்போனதாம், ஆர்டர் கிடைத்துவிட்டதாம். நான் சோபாவில் குதித்ததில் கீழ்வீட்டு ஆஜி மறுபடியும் பெல் அடித்தார். எல்லாம் அடங்கினபின் மனசு கேட்காமல் கேட்டேன்: "அண்ணா, அந்த நோட்டை எதுக்கு எழுதுனீங்க? என்னை நம்பலையா?"

அண்ணன் பதறிப்போனார். "உங்களை நம்பாமயா அம்மிணி! மண்டியில பாக்கறப்பெல்லாம் 'இந்த வாரம் ரெண்டு தப்பைத் திருத்துனேன், ரெண்டு தப்பைத் திருத்துனேன்'னு சந்தோசமாச் சொல்லுவீங்க. என்ற செவுத்துல ஒட்டியிருக்கறது திருத்தறதுக்கு முந்துனதா, பிந்துனதான்னு எனக்கெப்படிங் தெரியும்?"

திருத்தத் திருத்தக் கையேடு தேறுகிறதோ இல்லையோ, அதைப் படிக்கிறவர்கள் நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.