பனிக்குள்ள நிக்காத

லண்டனில் நாலு விரல் உயரத்துக்கு ஸ்னோ விழுந்தால் போதும், ஊரே படுத்துவிடும். அன்றும் வட லண்டன் எட்மண்டனில் பஸ்சும் இல்லை, டாக்ஸியும் இல்லை. பஸ் நிறுத்தத்தில் என்னோடு நின்றவர் நோர்வேயில் பல காலம் இருந்துவிட்டு வந்தவர். காலடியில் சூட்கேஸ். யாழ்ப்பாணத்தில் தாய்க்குக் கடைசி நேரமாம். மூன்று மணித்தியாலத்தில் விமானம்.

அவர் கறுப்புக் கையுறையை நீட்டி, அதில் விழுவதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கட்டி கட்டியா விழுது, பாருங்கோ. முகிலுக்குக் கீழ குளிர் குறைஞ்சாத்தான் ஓரம் நனைஞ்சு, விழேக்க ஒண்டோடொண்டு ஒட்டும். இனி மழையாகிடும். பஸ் வரும்."

நானும் நம்பினேன். கொஞ்ச நேரத்தில் கையுறையில் சின்னச் சின்ன நட்சத்திரங்கள், தனித்தனியாக. ஊதினார். ஒட்டாமல் பறந்தன.

"குளிர் இறுகீட்டுது, இனி மழையாகாது," என்றார். பிறகு ஊருக்குப் போன் எடுத்து, தாயின் காதில் வைக்கச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, இஞ்ச ஒரே பனி. வெளிக்கிட ஏலாமக் கிடக்கு."

"பனிக்குள்ள நிக்காத ராசா. தலையை மூடிக்கொண்டு வா."

ஊரில் பனி என்றால் விடியப்புறம் இறங்கும் ஈரம்தான். அவர் அதைத் திருத்தவில்லை. தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார்.

"ஓம் அம்மா, வாறன்."